வரக்கூடாது என்று ஜெபித்தேன்

எண்பத்தாறாம் வருடம் தை மாதம் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருந்த மலை சரிந்தது. என் புருஷன் தேவசகாயம் அதில் போய்விட்டார். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த முத்தம்மா போனாள், அவள் கைப்பிள்ளை போனது. என் மகள் எஸ்தர் பிழைத்தாள். நானும் பிழைத்தேன். அது எப்படி என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

சபையார் எல்லாருக்கும் சாராளின் தோத்திரம். உபவாசக் கூட்டத்தில் இந்தச் சாட்சியைச் சொல்ல எழுந்து, பாதியில் அழுது உட்கார்ந்துவிட்டேன். "எழுதிக் குடுங்கம்மா, நம்ம சபைப் பத்திரிகையில போடுவோம்" என்றார் போதகர் ஐயா. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் நான் சொல்லும் விஷயத்தை யாரும் திருத்த வேண்டாம். இதை அழகாக்கிச் சொல்லும்படி ஏற்கெனவே இரண்டு மூன்று பேர் எனக்குப் புத்தி சொல்லியாயிற்று. அழகான சாட்சி வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

எங்கள் தோட்டம் பெரகலச் சந்தியிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் இருக்கிறது. பட்ட காலிலே படும் என்பார்களே, எங்களுக்கு அது பழமொழி இல்லை, பிழைப்பே அதுதான். எழுபத்து நாலில் பஞ்சம் வந்தது. மரவள்ளிக்கிழங்கும் இல்லாமல் கீரைத்தண்டை அவித்துத் தின்றோம். என் தகப்பனார் அந்த வருடம் வெறும் வயிற்றோடு கொழுந்து பறிக்கிற மலையில் விழுந்து செத்தார். அடுத்து அரசாங்கம் அண்ணன் குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பியது. அதற்கும் பிறகு எண்பத்து மூன்று ஆடி மாதம் வந்தது.

பதுளை டவுனில் தமிழ்க் கடைகள் எரிகின்றன என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். மறுநாள் எரிக்கிற கூட்டம் எங்கள் லயத்துக்கே வந்துவிட்டது. தோட்டத்துக்குக் கீழே வயல் ஓரத்தில் ஒரு சிங்களக் கிராமம் உண்டு. அதை நாங்கள் 'நாடு' என்போம். அதுவரை அவர்களிடம் பலாக்காய் வாங்குவோம், அவர்கள் எங்களிடம் ஆட்டுப்பால் வாங்குவார்கள். அன்று வந்த கூட்டத்தில் வெளியூர்க்காரர்கள்தான் அதிகம். ஆனால் நாட்டுக்காரர்களும் சிலர் இருந்தார்கள். பியதாச என்பவனை எனக்குத் தெரியும். எங்கள் லயம் எரிந்துகொண்டிருந்தபோது எங்கள் ஆட்டை அவிழ்த்து இழுத்துக்கொண்டு போனான். அந்த முகத்தை நான் மறக்கவே இல்லை.

அன்று எங்களைக் காப்பாற்றியது பெரிய கான். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாதபடி வரிசை வரிசையாகக் கான் வெட்டியிருக்கும். அந்தக் கான்களெல்லாம் வந்து சேருகிற பெரிய கான் ஒன்று லயத்துக்கு மேலே மலை மடிப்பில் இருந்தது. ஆள் இறங்கினால் தலை தெரியாத ஆழம். இரண்டு பக்கமும் கவாத்து வெட்டாத பழைய தேயிலை மூடிக் கிடந்தது. கலவரம் அடங்கும்வரை அதற்குள் பதுங்கிக் கிடந்தோம். பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு ஜெபம் பண்ணினேன். ஒரு உயிரும் போகவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கான் எங்களுக்குக் கோயில் மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் கிறிஸ்தவக் குடும்பங்கள் அங்கே கிரவில்லியா மரக் கம்பில் ஒரு சிலுவை கட்டி நட்டோம். முத்தம்மா பக்கத்திலேயே ஒரு கல்லை வைத்து மஞ்சள் துணி சுற்றினாள். வடக்கில் சண்டை முற்ற முற்ற எங்களுக்குப் பயமும் முற்றியது. வடக்கை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அங்கே ஒரு குண்டு வெடித்தால் இங்கே நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு உட்காருவோம். மறுபடியும் வருவார்கள் என்றே இருந்தோம். அதனால் ஆம்பிளைகள் சேர்ந்து பெரிய கானை அகலமாக்கினார்கள். உட்காரப் பலகை போட்டார்கள். தகரப் பெட்டியில் கோதுமை மா வைத்தார்கள். உள்ளே தண்ணீர் வராதபடி மேல்வாயை மண்மூட்டை போட்டு அடைத்தார்கள்.

என் புருஷனுக்குத் தோட்டத்தில் கான் வெட்டுகிற வேலைதான். மூட்டை அடுக்கிய அன்றே அவருக்கு மனசு ஒப்பவில்லை.

"தண்ணி போற எடத்த அடைச்சா, அது மலைக்குள்ளதான் எறங்கும். மலை ஊறிப் போகும்" என்றார்.

"மலை ஊறுனா ஊறட்டும் தேவசகாயம். மறுபடியும் நம்ம லயம் எரியாம இருந்தாப் போதும்" என்றார் கங்காணி. அதற்குமேல் என் புருஷன் வீட்டில் என்னிடம் மட்டும் முணுமுணுத்தார். நானும் கங்காணி பக்கம்தான் பேசினேன். அந்த மூட்டைகளால்தான் மலை சரிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தை மாதம் எங்கெங்கோ, மூட்டை அடைக்காத மலைகளும் சரிந்தன. ஆனால் தண்ணீருக்கு வெட்டின கானில் மனுஷன் குடியிருக்க வேண்டி வந்ததே, அந்தக் காலத்தைத்தான் சொல்கிறேன்.

தை பிறந்ததிலிருந்து மழை விடவில்லை. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவது இல்லை, வேலை இல்லை, சம்பளமும் இல்லை. லயத்துச் சுவரெல்லாம் ஈரம். அதே நேரத்தில் பண்டாரவளையிலிருந்து வந்த ஒருவர் ஒரு கதையைக் கொண்டுவந்தார். வடக்கில் என்னவோ நடந்துவிட்டதாம், தோட்டங்களில் மறுபடி கை வைக்கப் போகிறார்களாம். உண்மையா பொய்யா என்று யாரும் விசாரிக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆம்பிளைகள் முறை வைத்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, நாட்டிலிருந்து ஏறி வருகிற பாதையைக் காவல் காத்தார்கள். பொம்பிளைகள் நாங்கள் என் காம்பராவில் கூடி ஜெபம் பண்ணினோம். முத்தம்மாகூட வந்து ஓரமாக உட்காருவாள். "ஓங்க சாமிகிட்டயும் சொல்லி வைப்போம் அக்கா" என்பாள்.

எங்கள் ஜெபம் ஒன்றே ஒன்றுதான். அவர்கள் வரக்கூடாது. அவர்கள் கால் எங்கள் வாசலை மிதிக்கக்கூடாது. இவ்வளவுதான் கேட்டோம். மழையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. எங்கள் கண்ணெல்லாம் கீழே பாதையில் இருந்தது. மலை எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

மலை சரிந்த அன்று காலை, தேநீர் குடித்து முடித்த நேரம். எஸ்தருக்கு அப்போது எட்டு வயது. காய்ச்சலில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். காவலில் இருந்த என் புருஷன் தலைதெறிக்க ஓடி வந்தார்.

"சாராளு! புள்ளயத் தூக்கு! வர்றானுங்க!"

"யாருங்க?"

"நாட்டு ஆளுங்கதான். கையில கத்தி, மம்மட்டி எல்லாம் இருக்கு. ஓடு, ஓடு!"

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். பத்துப் பதினைந்து பேர் மழையில் நனைந்துகொண்டு, கத்திக் கூச்சல் போட்டபடி ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கங்காணி தகரத்தைத் தட்டினார். இப்படி ஒரு நாளுக்காகவே எல்லாவற்றையும் பழகி வைத்திருந்தோம். ஒருவர் பின்னால் ஒருவராகப் பெரிய கானுக்கு ஏறினோம். முத்தம்மா கைப்பிள்ளையை மாராப்புக்குள் வைத்துக்கொண்டு எனக்கு முன்னே ஓடினாள். எஸ்தரைத் தூக்கிக்கொண்டு என்னால் வேகமாக ஏற முடியவில்லை. கடைசியாகப் போனதால் கானுக்குள் ஆழமாகப் போக இடம் கிடைக்கவில்லை. கீழ்வாயிலேயே உட்கார்ந்தோம். ஆம்பிளைகள் சிலர் வெளியே தேயிலைக்குள் பதுங்கி நின்றார்கள். என் புருஷனும் அவர்களோடு நின்றார்.

பிள்ளையின் முகத்தை என் நெஞ்சில் அழுத்திக்கொண்டு ஜெபித்தேன். அந்த ஜெபம் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "ஆண்டவரே, அவனுங்க கண்ணைக் கட்டு. அவனுங்க காலை முடக்கு. எங்ககிட்ட வந்து சேரக்கூடாது ஆண்டவரே, வந்து சேரக்கூடாது."

அவர்கள் லயத்தில் நிற்கவில்லை. எதையும் எடுக்கவில்லை, எதற்கும் தீ வைக்கவில்லை. நேராக எங்களைப் பார்த்தே ஏறி வந்தார்கள். இலை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் சேற்றில் வழுக்கி விழுந்து உருண்டான். ஜெபம் கேட்கப்படுகிறது என்று சந்தோஷப்பட்டேன். அவன் எழுந்து மறுபடி ஏறினான். "தோத்திரம் ஆண்டவரே, இன்னொரு தடவை தள்ளிவிடு" என்றேன். சிரிக்க வேண்டாம். நீங்களாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பீர்கள்.

அவன் பியதாச. கிட்ட வந்ததும் முகம் தெரிந்தது. எஸ்தரை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"கந்த எனவா! துவன்ன!" என்று கத்தினான். மலை வருகிறது, ஓடுங்கள் என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறான். அவ்வளவு சிங்களம் எனக்கும் தெரியும். காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. எண்பத்து மூன்றில் அவன் போட்ட கூச்சல்தான் என் தலைக்குள் கேட்டது. நான் பிள்ளையோடு உள்ளே நகர்ந்தேன். அவன் குனிந்து எஸ்தரின் கையைப் பிடித்தான். நான் அவன் கையைக் கடித்தேன். பல் எலும்பில் பட்டது. அவன் விடவில்லை. பிள்ளையை என் மடியிலிருந்து பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஓடினான்.

நானும் எழுந்து ஓடினேன். சபையாரே, நான் தப்பிப்பதற்காக ஓடவில்லை. அவனைக் கொல்லத்தான் ஓடினேன். கையில் கல் ஒன்றை எடுத்துக்கொண்டு, கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னால் அவன். எனக்குப் பின்னால் கவாத்துக் கத்தியோடு என் புருஷன். லயத்தைத் தாண்டி, பக்கத்து மலை மேட்டில் ஏறிய பிறகுதான் அவன் பிள்ளையை இறக்கினான். மூச்சு வாங்கிக்கொண்டு கையை மேலே நீட்டினான்.

எங்கள் லயத்திலிருந்து பார்த்தால் மலையின் தலை தெரியாது. நாங்கள் அதன் அடியிலேயே இருந்தோம். அந்த மேட்டிலிருந்து தெரிந்தது. பெரிய கானுக்கு மேலே தேயிலை வரிசை நடுவில் கிழிந்து, சிவப்பு மண் வாயைப் பிளந்து நின்றது. மரங்கள் எல்லாம் லயத்துப் பக்கம் சாய்ந்திருந்தன. கீழே வயலில் நின்றவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஓடி வந்திருக்கிறார்கள். பாதையில் ஏற்கெனவே மண் விழுந்திருந்ததால் வெட்டி வழி எடுக்கக் கத்தியும் மம்மட்டியும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

என் புருஷனுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. கான் வெட்டுகிறவர் அல்லவா. கத்தியைக் கீழே போட்டார். பியதாசவை அவர் அடிக்கவில்லை. திரும்பி மேலே ஓடினார்.

"என்னாங்க, போகாதீங்க!" என்று கத்தினேன்.

"எல்லாரும் உள்ள இருக்காங்க சாராளு" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

கானின் வாயில் நின்று அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. "அடிக்க வரல! மலை வருதுங்கிறான்! வெளிய வாங்க, எல்லாம் வெளிய வாங்க!" நாட்டுக்காரர்களும் ஆட்களைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். பயந்தவர்கள் அவர்களை உதைத்துக்கொண்டு இன்னும் உள்ளே போனார்கள். தேவசகாயத்தின் குரலைக் கேட்டபிறகுதான் சிலர் நம்பினார்கள். கங்காணி வந்தார். அவர் பெண்சாதி வந்தாள். பிள்ளைகள் சிலர் வந்தார்கள். முத்தம்மாவின் தலை வெளியே தெரிந்தது. அவளைக் கைகொடுத்துத் தூக்க என் புருஷன் குனிந்தார்.

இடி இடிக்கிறது என்று நினைத்தேன். இடி என்றால் நின்றுவிடும். இது நிற்கவில்லை. மேலே இருந்த தேயிலை அப்படியே வரிசை கலையாமல் நகர்ந்து வந்தது. பிறகு கான் இல்லை, சிலுவை இல்லை, மஞ்சள் துணி இல்லை. லயத்தில் பாதி இல்லை. அந்த இடத்தில் வெறும் சிவப்பு மண் ஓடிக்கொண்டிருந்தது. என் புருஷனோடு நாட்டுக்காரர்கள் இரண்டு பேரும் அதில் போனார்கள்.

மழையிலேயே தோண்டினார்கள். நாட்டுக்காரர்களும் தோண்டினார்கள், எங்கள் ஆட்களும் தோண்டினார்கள்.  முத்தம்மாவை எடுத்தபோது பிள்ளை மாராப்பிலேயே இருந்தது. என் புருஷனை அவர் கையில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை வைத்து அடையாளம் கண்டேன். மற்றதை எழுத என்னால் முடியாது.

எங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். அங்கே ஒரு வெளியூர்ப் பிரசங்கியார் வந்து, விக்கிரகம் வைத்த இடத்தில் போய் ஒளிந்ததால்தான் தேவகோபம் வந்தது என்றார். நான் எழுந்து கேட்டேன். "முத்தம்மா புள்ளைக்குப் பல்லே மொளைக்கல ஐயா. அது எந்த விக்கிரகத்தக் கும்பிட்டுச்சு?" பிரசங்கியார் வேதத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். நான் அவரைத் துரத்தியதாகச் சபையில் சிலருக்கு இன்னும் கோபம். இருக்கட்டும்.

எனக்கும் ஆண்டவர்மேல் கோபம் இருந்தது. பல நாள் ஜெபிக்கவில்லை. ஜெபித்து என்ன கண்டேன் என்றிருந்தது. வரக்கூடாது என்று கேட்டேன், வந்தார்கள். என் புருஷன் திரும்பி வரவேண்டும் என்று அந்த மேட்டில் நின்று கேட்டேன், அவர் வரவில்லை. நான் எதைக் கேட்டாலும் ஆண்டவர் மாற்றித்தான் செய்வாரா என்று அழுதேன்.

அப்படி இருந்தபோது பியதாச பள்ளிக்கூடத்துக்கு வந்தான். கையில் கட்டுப் போட்டிருந்தது. வாசலிலேயே நின்றான். உள்ளே வரத் தயக்கம்.

"புள்ள ஹொந்தாய்தானே?" என்று கேட்டான். பிள்ளை நன்றாக இருக்கிறதா என்கிறான். எஸ்தர் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். எனக்கு நன்றி சொல்ல வரவில்லை. வாயில் வந்தது வேறு.

"எண்பத்து மூணுல ஏன் வந்த?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னான். "அன்னிக்கி எல்லாரும் போறது. நானும் போறது."

"அப்ப, மலை சரியிற அன்னிக்கி?"

"அன்னிக்கி எல்லாருக்கும் பயம். கொஞ்சம் ஆள்தான் வந்தது." கையிலிருந்த கட்டைத் தடவிக்கொண்டான். "எங்க மல்லியும் வந்தது. மண்ணுல போயிருச்சி" என்றான். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

எனக்கு அப்போதுதான் மனசு உடைந்தது. மண்ணில் போன அந்த இரண்டு பேரில் ஒருவன் அவன் தம்பி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. உள்ளே போய்த் தேங்காய்ச் சிரட்டையில் எனக்குக் கொடுத்திருந்த தேநீரை எடுத்து வந்து அவனிடம் நீட்டினேன். வாங்கிக் குடித்தான். இரண்டு பேரும் அழுதோம். 

அன்று நான் மறுபடி ஜெபிக்க முழங்கால் போட்டேன். என் பிள்ளைக்கு ஒரு ஆபத்து வருகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பக்கமிருந்து என்றுதான் தெரியவில்லை. ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது. என் வாய் கேட்டதை அவர் தள்ளிவிட்டார், என் வயிறு கேட்டதைக் கொடுத்தார். தேவசகாயத்தை ஏன் எடுத்துக்கொண்டார் என்று இன்னும் எனக்குத் தெரியாது. போதகர் ஐயாவுக்கும் தெரியாது, தெரியாது என்றே சொன்னார், அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் என் புருஷன் குரலைக் கேட்டு வெளியே வந்த பிள்ளைகள் இன்று வளர்ந்து நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பாட்டுப் பாடும்போது நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பியதாசவை முழுசாக மன்னித்துவிட்டேன் என்று உங்கள் முன்னால் பொய் சொல்ல மாட்டேன். எரிந்த லயம் ஞாபகம் வந்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. ஆனாலும் காலையில் ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்கிறேன், அவன் தம்பி பெயரையும் சொல்கிறேன். முன்பு நாட்டுக்காரர்கள் பெயரை ஆண்டவரிடம் கோள் சொல்லத்தான் எடுப்பேன். மழைக்காலத்தில் எங்கள் பொம்பிளைகள் கூடினால், நாட்டிலிருந்தும் இரண்டொருவர் வந்து மலை எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் ஏறி வரும்போது இன்னும் என் கை தாழ்ப்பாளுக்குத்தான் போகும். போனாலும் கதவைத் திறந்து வைக்கிறேன்.

சகோதரிமாரே, சகோதரர்மாரே, தேசம் கெட்டுக் கிடக்கிறது. வானமும் நம்மேல் இரக்கப்படுவதாகத் தெரியவில்லை. நீங்களும் ஒருநாள் பிள்ளையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு கூப்பிட வேண்டி வரும். கூப்பிடுங்கள், அவர் கேட்கிறார். பயந்தவர்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். யார் கையில் உதவியைக் கொடுத்து அனுப்ப வேண்டும், யார் கையில் கொடுக்கக்கூடாது என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நான் சொல்லிக் கொடுத்தேன். அவர் அதைக் கேட்டிருந்தால் இன்று எனக்குப் பிள்ளை இல்லை.